குருவுத்தாய் திறந்துவிட்ட மேகம்

ஊசிமேட்டுப்பட்டியில் மேகம் பாட்டிலைவிட்டு வெளியே வந்த சாயங்காலத்தில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. அது பிடுங்கப்பட்ட ரப்பர் தக்கைக்குப் பின்னாலேயே பூனைக்குட்டி படியிறங்குவதுபோல நிதானமாக இறங்கி, மேசைமேல் விரித்திருந்த சிவப்புத் துணியை ஒரு சுற்றுச் சுற்றி, விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஏறி, நடுத்தெருவுக்கு மேலே, ஓட்டுக் கூரைகளுக்கும் கேபிள் வயர்களுக்கும் சற்று உயரத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. கூட்டத்தில் நின்ற பெண்கள் அண்ணாந்து பார்த்தார்கள், ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள், பிறகு வீட்டுக்கு ஓடிப்போய்க் குடத்தை எடுத்துவந்து வரிசையில் வைத்தார்கள்.

குருவுத்தாய்க்கு எரிச்சல் தொடங்கியது அங்கேதான். அவள் பேச்சில் பாதிகூட முடிந்திருக்கவில்லை.

அவள் தீப்பெட்டி ஆபீஸில் கட்டையில் தீக்குச்சி அடுக்கி வளர்ந்தவள். பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறாள். எழுத்து அவளுக்குத் துண்டறிக்கையில் வந்தது. சுவரில் ஒட்டியதில், பஸ்ஸுக்குள் வீசியதில், போலீஸ் கிழித்துப்போட்ட மிச்சத்தில். 'அணிதிரள்வீர்' என்ற சொல்லை அவள் முழுசாக வாசித்த பிறகு ரொம்ப காலம் கழித்துத்தான் 'அம்மா' என்ற சொல்லை அச்சில் பார்த்தாள், அது அத்தனை சின்னச் சொல்லாக இருந்ததில் அவளுக்கு ஏமாற்றம்கூட உண்டு. பஞ்சப்படியும் கூலிச் சட்டமும் கிரகணமும் அம்மைத் தடுப்பும் அவளுக்கு நோட்டீஸில் படித்தவைதான். படித்தவர்கள் முன்னால் அவள் கூசி நின்றதில்லை. அவர்கள் புத்தகம் படித்தார்கள், அவள் படித்ததற்காக அடி வாங்கியிருக்கிறாள்.

ஊரில் அப்போது நடந்துகொண்டிருந்த விஷயம் இது. பெரிய கண்மாய் பல வருஷமாக வறண்டு கிடந்தது. மேற்கே மலையடிவாரத்தில் தோப்புக்காரர்கள், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலின் ஷட்டரை இறக்கிப் பூட்டியதால் வறண்டது. தண்ணீர் வராத கண்மாய் தரிசு என்று அதிகாரிகள் எழுதினார்கள். தரிசை ஒரு சரக்குக் கிட்டங்கிக் கம்பெனி கேட்டது. அதற்கு ஊரின் கருத்தைக் கேட்கக் கூட்டம் ஒன்று போடப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. அதற்குள் ஊர்த் தலைவர் சீனிப்பாண்டி, கம்பெனியின் தயவில் ஒரு பந்தல் போட்டு, மழைக்காக ஒரு பூசை நடத்தி, வானம் மனசு வைத்தால் கண்மாய் எதற்கு என்று மைக்கில் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் குருவுத்தாய் மறுநாள் அதே இடத்தில் மேசை போட்டாள். அறிவியல் இயக்கத்து நோட்டீஸ் ஒன்றில் படம் போட்டிருந்தபடி, ஒரு பெரிய கலர் சோடா பாட்டில், அடியில் கொஞ்சம் தண்ணீர், சைக்கிள் டியூப் வால்வைச் செருகிய தக்கை, ஒரு பம்பு.

"பாத்துக்கிடுங்க. ஒரு குச்சியக் கொளுத்தி அணைச்சு, அந்தப் புகையை உள்ள விட்டாச்சு. அடைச்சாச்சு. இப்பப் பம்பு அடிக்கேன். உள்ள என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல," என்றார் டீக்கடை ராசையா. "பம்பு அடிச்சு ஒங்களுக்குத்தான் மூச்சு வாங்குது."

"தெரியாது. காத்து நெருக்கியடிச்சுச் சூடா நிக்கி, ஆவி ஆவியாவே கெடக்கு. தக்கையப் புடுங்குனா நெருக்கம் விட்டுப்போகும், காத்து விரியும், விரிஞ்சா குளுரும், குளுந்தா ஆவி அந்தப் புகைத் தூசியப் புடிச்சுக்கிட்டுப் பொட்டுப் பொட்டாத் தொங்கும். அம்புட்டுத்தான் மேகம். இதுல பூசாரிக்கு என்ன சோலி?"

பிடுங்கினாள். 'டப்' என்றது. மற்ற ஊர்களில் பாட்டிலுக்குள் வெள்ளையாக ஒரு புகை மூண்டு, கைதட்டல் முடிவதற்குள் மறைந்துவிடும். இங்கே அது மறையவில்லை, வெளியே வந்தது. ஏன் வந்தது என்று பின்னால் சிலர் காரணம் சொன்னார்கள்: தான் அடைத்த தீப்பெட்டியில் தானே குச்சி உரசக் கூடாது என்பது அந்த ஊர்ப் பெண்களின் வழக்கம், வீட்டு அடுப்புக்குக்கூட வேறொருத்தி அடைத்த பெட்டியைத்தான் வாங்குவார்கள், குருவுத்தாய் வீம்புக்குத் தன் கைப் பெட்டியிலேயே உரசினாள் என்றார்கள். அந்தப் பேச்சைக் கேட்டால் குருவுத்தாய் தெருவில் துப்புவாள்.

மேகம் அன்றைக்கே தூறியது. ஊர் முழுக்க இல்லை, கூரைமேல் இல்லை, தெருக்குழாயடியில் தொடங்கித் தெருக்கோடிவரை நின்ற குட வரிசையின்மேல் மட்டும். முதல் குடத்தில் தூறிக் கழுத்துவரை நிரப்பியது, இரண்டாவது குடத்துக்கு நகர்ந்தது, அதை நிரப்பி மூன்றாவதுக்கு. வரிசை தப்பவில்லை, ஒரு சொட்டுத் தரையில் விழவில்லை. கடைசிக் குடம் நிரம்பியதும் நின்றுகொண்டது. மறுநாள் காலையிலும் அப்படியே, அதற்கடுத்த நாளும் அப்படியே. வீட்டுக்கு ஒரு குடம்.

அந்த வரிசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊசிமேட்டுப்பட்டிக்கு முதல்முதல் குழாய் வந்த அன்று எந்த வீட்டுக் குடம் எந்த இடத்தில் நின்றதோ, அதே இடத்தில்தான் இன்றைக்கும் நிற்கும். மாமியாரின் இடம் மருமகளுக்கு. ஊரைவிட்டுப் போனவர்கள் இடத்தில் ஒரு கல் இருக்கும், கல்லுக்குப் பின்னால்தான் அடுத்த குடம். பெண் கேட்டு வருகிறவர்கள் நகையைப் பற்றிப் பேசுமுன் குடம் எங்கே நிற்கிறது என்று கேட்பார்கள். குழாயில் தண்ணீர் வருவது எப்போதோ நின்றுவிட்டது, லாரித் தண்ணீருக்கும் அதே வரிசை. அந்த ஊரில் ஓடிப்போனவனை மன்னித்திருக்கிறார்கள், காட்டிக்கொடுத்தவனை மன்னித்திருக்கிறார்கள், ஒரு குடத்தை ஒரு சாண் முன்னால் நகர்த்தியவளை மன்னித்ததாகக் கதை கிடையாது. மேகமும் அந்த வரிசைக்குக் கட்டுப்பட்டது என்பதால் ஊர் அதைத் தன்னுடையது என்று உடனே ஒப்புக்கொண்டது. தாசில்தாரைக்கூட அவர்கள் அத்தனை சீக்கிரம் ஒப்புக்கொண்டதில்லை.

பிறகுதான் அந்த மேகத்தின் குணம் தெரிந்தது. வரிசையில் நின்ற இரண்டு பெண்களுக்குள் ஈரத்துணி சொட்டியதைப் பற்றி ஒரு சண்டை மூண்டு, குழாயடிச் சண்டைக்கே உரிய முறையில் துணியிலிருந்து மாமனாருக்கும் மாமனாரிலிருந்து வம்சத்துக்கும் ஏறி, தெருவே இரண்டாகப் பிரிந்து நெஞ்சை நிமிர்த்தி நின்றபோது, மேலே மேகம் கண்ணாடியில் படிந்த மூச்சைத் துடைத்ததுபோலக் காணாமல் போனது. தெரு திடுக்கிட்டது. வெயில் நேராக உச்சியில் இறங்கியது. சண்டை போட்டவர்களில் ஒருத்தி வாய் ஓய்ந்து, "சரி, விடு," என்றாள். மற்றவள், "நீயும் விடு," என்றாள். இரண்டு பேரும், அவர்களுக்குப் பின்னால் நின்ற தெருவும் ஒரே சமயத்தில் மூச்சை விட்டார்கள், தோள்கள் இறங்கின, அந்த மூச்சின்மேலேயே மேகம் திரும்ப மூண்டது, முன்னைவிட ஒரு சுற்றுப் பெரிதாக.

அன்றிலிருந்து ஊரில் யாரும் கோபப்படவில்லை.

காலையில் எதிரே வருகிறவரிடம் "விட்டாச்சா?" என்று கேட்பது வழக்கமாயிற்று, "விட்டாச்சு" என்பது பதில், மாமியார்கள் பல்லைக் கடித்துக்கொண்டு மருமகளைத் தங்கம் என்றார்கள், குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியை அடிக்கிறவன் ஓங்கிய கையை ஓட்டு விட்டத்தில் பிடித்துக்கொண்டு பத்து மூச்சு விட்டு இறக்கினான், அடிபடாத பெண்டாட்டிகள் மேகத்துக்கு விளக்கு வைத்தார்கள், அதைக் குறை சொல்லக் குருவுத்தாய்க்கே வாய் வரவில்லை, பேப்பர் வாங்குவதை டீக்கடை நிறுத்தியது, அழுதுகொண்டே பழிவாங்கும் சீரியல்களை ஊர்க் கூட்டம் போட்டுத் தடை செய்து, பாட்டுப் போட்டியை மட்டும் அனுமதித்தார்கள், தீப்பெட்டி ஆபீஸில் கூலியைக் குறைத்தபோது பெண்கள் எல்லோரும் ஒன்றாக எழுந்து நின்று, ஒன்றாக மூச்சை இழுத்து, சன்னல் வழியாக வானத்தைப் பார்த்து, ஒன்றாக விட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். மேனேஜர் மேகத்துக்கு ஒரு மாலை வாங்கி அனுப்பினார். எங்கே போடுவதென்று தெரியாமல் அதை விளக்குக் கம்பத்தில் போட்டார்கள்.

குருவுத்தாய்க்கு மட்டும் விட முடியவில்லை. அவள் நெஞ்சில் இருந்தது ஒரு நாளில் அடித்த காற்று இல்லை. அவள் தெருவில் நடந்தால் அவள் தலைக்கு நேர்மேலே மேகத்தில் ஒரு ஓட்டை விழுந்து, அவள் கூடவே வந்தது. அவள் நடந்த இடத்தில் மட்டும் வெயில் அடித்தது. பிள்ளைகள் அந்த வெயில் வட்டத்தைப் பார்த்தே அவள் வருவதைச் சொன்னார்கள், கதவுகள் சத்தமில்லாமல், மரியாதையாகச் சாத்தப்பட்டன. ஊர் மொத்தமும் தன் முகத்தில் கல்லெறிந்த நாட்கள் அவளுக்கு ஞாபகம் இருந்தன. அப்போது இத்தனை வலிக்கவில்லை.

டீக்கடையில் போய் உட்கார்ந்தாள். ராசையா கிளாஸை வைத்தார்.

"என்ன ராசையா, பாயசமா இருக்கு. எனக்குச் சீனி ஆகாதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா. கசப்பா எதையும் யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு தெருவுல முடிவு பண்ணியிருக்கு."

"சீனி ஏறிச் செத்தா?"

"சிரிச்ச மொகமாச் சாவீகல்லா."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள், அளவாக. குருவுத்தாய் கிளாஸைத் தள்ளிவைத்துவிட்டு, பையிலிருந்து அதே பாட்டிலையும் பம்பையும் எடுத்தாள். மறுபடியும் புகை விட்டாள், அடைத்தாள், அடித்தாள். பாட்டில் தெளிந்து நின்றது.

"நல்லாப் பாருங்க. நெருக்குனா தெளியுது. அந்தப் பக்கம் நிக்க ஆளு மூஞ்சிகூடத் தெரியுது. இப்பப் பாருங்க." பிடுங்கினாள். வெள்ளையாக மூண்டது, இந்த முறை உள்ளேயே நின்று, மெல்லக் கரைந்தது. "விட்டாப் புகையுது, எதிர்த்தாப்புல ஒண்ணும் தெரியல. நம்ம கூட்டமாக் கூடி நெருக்குன அன்னைக்கெல்லாம் அவன் வந்து தக்கையப் புடுங்குனான். கூலி கேட்டப்ப ஒரு கமிட்டி போட்டான். ஷட்டர் கேட்டப்ப ஒரு இன்ஜினியரக் கூட்டியாந்து காட்டுனான். நாமளும் அப்பாடான்னு வீட்டுக்கு வந்து படுத்தோம். அந்த அப்பாடாதான் இப்ப தெருவுக்கு மேல படுத்துக் கெடக்கு. அது மழை இல்ல. ஒரு குடம். ஆட்டுக்கு எங்க, கெணத்துக்கு எங்க, வெள்ளாமைக்கு எங்க?"

எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள். கடைசியில் ராசையா சொன்னார், "நீங்க சொல்லுதது அம்புட்டும் சரிக்கா. அதான் சொல்லுதோம், எங்கள நெருக்காதீக."

அவள் வாழ்க்கையில் அவளை மறுத்துப் பேசியவர்கள் உண்டு, அவர்களைச் சமாளிக்க அவளிடம் நோட்டீஸ் இருந்தது. ஒப்புக்கொண்டுவிட்டு எழுந்து போகிறவர்களுக்கு எந்த அச்சகமும் பதில் அடித்து வைத்திருக்கவில்லை.

சீனிப்பாண்டி அவள் வீட்டுக்கே வந்தார். செருப்பை வெளியில் விட்டார், கையைக் கட்டினார்.

"யக்கா, ஒங்கள யாரும் கொறச்சு நெனைக்கல. மேகம் நீங்க குடுத்தது. ஒங்க பேர்ல ஒரு வளைவு கட்டலாம்னுகூடப் பேச்சு இருக்கு. ஆனா நீங்க வீட்டுக்குள்ள இருந்தாலே இந்த மூலையில மேகம் நைஞ்சுபோகுது. ரயில்வே கேட்டுக்கு அங்கிட்டு என் மச்சினன் வீடு ஒண்ணு சும்மா கெடக்கு."

"கருத்துக் கேக்கிற கூட்டத்துக்கு ஊரு வருதா, வரலையா?"

"வராம? எல்லாரும் வருவோம். கேசரி போடுதாக. சிரிச்சாப்புல உக்காந்துட்டு வருவோம்."

"சிரிச்சா சம்மதம்னு எழுதிக்கிடுவான்."

"எழுதட்டும்க்கா. எழுதுத கையையா புடிக்க முடியும்? விட்டாச்சு."

அவர் போன பிறகு அவள் செண்பகத்தைத் தேடிப் போனாள். செண்பகம் எதிர்வீடு, அவளைவிட ஏழெட்டு வயசு இளையவள், ஆபீஸில் பக்கத்துப் பலகை, மறியலில் பக்கத்து ஆள், மதுரை ஜெயிலில் ஒரே சேலையைப் பாதி பாதியாகப் போர்த்திக்கொண்டு படுத்தவள். குருவுத்தாய் பேசும்போது கூட்டத்தில் முதல் குரல் கொடுப்பவள் எப்போதும் அவள்தான். இப்போது அவள் வாசலில் உட்கார்ந்து, நிரம்பிய குடத்தின் வாயைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள்.

"நீயாவது வாயத் தொறப்பியா, செண்பகம்?"

"மதினி, நான் ஒங்களுக்குப் புதுசாச் சொல்லணுமா. மக பேறுகாலத்துக்கு வந்திருக்கா. வாசல்ல ஒரு குடம் தண்ணி தன்னால வருது. நான் இப்பக் கோவப்படக் கூடாது."

"கண்மாய்மேல சிமென்டப் போட்டு மூடுனப்புறம்?"

"மேகம் மேலதான இருக்கு."

"வரிசையில இருக்கிற குடத்துக்குத்தான் அது பெய்யுது. பொறக்கப் போற ஒன் பேரப்புள்ள நாளைக்குத் தனி வீடுன்னு போனா, அவன் குடத்த எங்க வைப்பான்? கல்லுக்கு மேலயா?"

செண்பகத்தின் தாடை ஒரு கணம் இறுகியது. குருவுத்தாய் அதைப் பார்த்துவிட்டாள், முப்பது வருஷமாக அவள் கூட்டங்களில் தேடிக்கொண்டிருந்தது அந்த ஒரு இறுக்கத்தைத்தான். ஆனால் செண்பகம் அண்ணாந்து பார்த்தாள். கண்ணை மூடினாள். மூக்கால் நீளமாக மூச்சை விட்டாள்.

"விட்டாச்சு, மதினி," என்றாள், மன்னிப்புக் கேட்பதுபோல.

கூட்டத்தன்று காலை குருவுத்தாய் எல்லோருக்கும் முன்னால் எழுந்து தெருவுக்கு வந்தாள். கிழக்கு வெளுத்திருந்தது. குடங்கள் காலைத் தூறலுக்காக வாயைத் திறந்து நின்றன, பித்தளை, எவர்சில்வர், பச்சைப் பிளாஸ்டிக், நடுநடுவே கற்கள். ஊர்க்காரர்கள் உள்ளே தூங்கினார்கள். குடத்துக்குக் காவல் வைத்த வழக்கம் அந்த ஊரில் கிடையாது, தேவைப்பட்டதே இல்லை. அவள் கொஞ்ச நேரம் நின்றாள். அவளும் அந்த ஊரில் பிறந்தவள்தான், அவள் அம்மாவின் குடம் நின்ற இடமும் அந்த வரிசையில்தான் இருந்தது.

பிறகு குனிந்தாள். முதல் குடத்தைத் தூக்கிக் கடைசியில் வைத்தாள். கடைசிக் குடத்தை நடுவில் வைத்தாள். சம்பந்திகள் குடங்களைப் பிரித்தாள், பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி குடங்களை ஒட்டி வைத்தாள், கற்களைப் பொறுக்கிக் கால்வாயில் போட்டாள். தலைவர் வீட்டுப் பித்தளைக் குடத்தைக் கவிழ்த்து வைத்தாள். கடைசியாகத் தன் பிளாஸ்டிக் குடத்தைக் குழாயடியில் முதலாவதாக வைத்துவிட்டு, இடுப்பில் கையை ஊன்றி நின்றாள்.

முதலில் வந்தவள் தன் இடத்தில் குனிந்து, நிமிர்ந்து, மறுபடியும் குனிந்தாள்.

"எவ அவ என் குடத்த எடுத்தது?"

இன்னொரு கதவு திறந்தது. இன்னும் இரண்டு. "எங்க கல்லு எங்க? எங்க மாமா துபாய்ல இருந்து வந்தாருன்னா நான் என்ன பதில் சொல்ல?" "ஒன் குடம் என் எடத்துல நிக்கி, என்னயக் கேக்கியா நீ?" "ஏட்டி, அதத் தொட்டேன்னா கைய முறிச்சிருவேன்." அங்கே ஒருத்தி, நல்ல மனசுக்காரி, "விடுங்க, விடுங்க, மேல பாருங்க," என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் குடமும் கிடைக்கவில்லை என்று தெரிந்ததும் அவளும் சேலையை வரிந்து கட்டினாள்.

"நான்தான் மாத்துனேன்," என்றாள் குருவுத்தாய். "இன்னைக்கி மொதக் குடம் என் குடம். என்ன செய்வீக? விட்டாச்சுன்னு சொல்லிட்டுப் போவீக. ஒங்களுக்கு வரிசை ஒரு கேடா? கூலியக் கொறச்சான், சிரிச்சீக. கண்மாய எடுக்கான், கேசரி திங்கப் போறீக. சீனிப்பாண்டி, ஒங்க அய்யா அந்த ஷட்டரத் தொறக்கப் போய்த்தான் மண்டை ஒடஞ்சு வந்தாரு, ஒமக்கு அவரு குடம் எதுக்கு? செண்பகம், ஒன் குடம் எங்கன்னு தேடுதியா? இந்தா."

செண்பகத்தின் குடத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். அது செண்பகத்தின் அம்மா கொடுத்த செம்புக் குடம். மேலே மேகம் அந்நேரத்துக்குப் பாதி கரைந்திருந்தது. மீதியும் ஓரம் ஓரமாகப் பின்வாங்கி, கடைசித் துணுக்கு கோழி இறகு அளவுக்குச் சுருங்கி, அதுவும் இல்லாமல் போனது. மொட்டை வானம். ஒரு குடத்திலும் ஒரு சொட்டு விழுந்திருக்கவில்லை. இத்தனை நாள் அவர்கள் விட்ட மூச்செல்லாம் திரும்ப அவர்கள் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்ததுபோல ஊர் விம்மி நின்றது. குருவுத்தாய் செம்புக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, கருத்துக் கேட்கும் கூட்டம் நடக்கவிருந்த கல்யாண மண்டபத்தைப் பார்த்து நடந்தாள், ஓடவில்லை. கையில் அகப்பட்ட குடத்தோடு ஊர் அவளைத் துரத்தியது.

மண்டபத்தில் கோட்டாட்சியர் மேடையில் உட்கார்ந்து, கண்மாயின் வரைபடத்தை மேசையில் விரித்து, கம்பெனி ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தார். கேசரி வாசம் அடித்தது. வாசலில் முதலில் ஒரு கிழவி செம்புக் குடத்தோடு வந்தாள், அவள் பின்னால் ஒரு ஊரே காலிக் குடங்களோடு உள்ளே புகுந்தது, நாற்காலிகள் சரிந்தன, குடங்கள் தூணில் மோதின, எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தியதில் ஒரு வார்த்தைகூட யாருக்கும் விளங்கவில்லை. அது தன்னை நோக்கி வந்த கோபம் என்று கோட்டாட்சியர் எழுந்து நின்றார். அது குருவுத்தாயை நோக்கி வந்த கோபம். அவள் நேராகப் போய் அந்த மேசைக்கு முதுகைக் கொடுத்து நின்றாள், அவளைப் பிடிக்க வந்தவர்கள் மேசையைச் சூழ்ந்தார்கள். செண்பகம் குடத்தைப் பிடுங்கக் கையை நீட்டியவள், அந்தக் கையை நீட்டியபடியே நின்று, குருவுத்தாயின் தோளுக்கு மேலாக வரைபடத்தைப் பார்த்தாள். அதில் கண்மாய் இருந்த இடத்தில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தது.

"இது எங்க மடை இருந்த எடம்," என்றாள். பிறகு, யாருக்கும் கேட்காத அந்தக் கூச்சலில், மெதுவாக, கோட்டாட்சியரின் முகத்தைப் பார்த்து, "ஷட்டர் சாவி யார்ட்ட இருக்கு?" என்றாள்.

பக்கத்தில் நின்றவளுக்கு அது கேட்டது. அவளும் கேட்டாள். அவளுக்குப் பின்னால் சீனிப்பாண்டியே கேட்டார், கவிழ்த்து வைத்த பித்தளைக் குடம் கையில் இருந்தது. கூச்சல் அடங்கி, அந்த ஒரே கேள்வியாக மண்டபத்தில் நின்றது. எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. சன்னலுக்கு வெளியே, ஊருக்கு அப்பால், மலையும் மலையடிவாரத்துத் தோப்புகளும், யாரோ பார்வையைத் துடைத்துவிட்டதுபோலத் தெரிந்தன. குருவுத்தாய் மூச்சுவிடப் பயந்து நின்றாள். இன்னும் கொஞ்சம். இன்னும் நாலு நிமிஷம் இப்படியே நின்றால் அந்த ஆள் சாவியைக் கொண்டுவரச் சொல்வான்.

கோட்டாட்சியர் வேலை தெரிந்தவர். நெற்றியைத் துடைத்தார், மைக்கைத் தட்டிப் பார்த்தார், புன்னகை செய்தார்.

"உங்கள் உணர்வுகளை முழுமையாகப் புரிந்துகொண்டேன். இன்றைய கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது. கிட்டங்கி விஷயத்தில் இப்போதைக்கு எந்த முடிவும் கிடையாது. ஷட்டரைப் பற்றி ஆராய ஒரு குழு அமைக்கப் பரிந்துரைக்கிறேன்."

"ஒத்துக்கிடாதீக," என்றாள் குருவுத்தாய். "யாரும் மூச்சு விடாதீக. சாவியக் கேளுங்க. செண்பகம், சாவியக் கேளு."

ஆனால் பின்வரிசையில் யாரோ விட்டுவிட்டார்கள். யாரென்று தெரியவில்லை, தெரிந்து என்ன ஆகப்போகிறது. ஒரு ஆள் விட்டதும் பக்கத்து ஆள் விட்டான், தோள்கள் வரிசையாக இறங்கின, 'அப்பாடா' என்ற ஒரு பெரிய மூச்சு மண்டபத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போனது, குளிர்ந்தது, மேடைக்கும் நாற்காலிகளுக்கும் நடுவே வெள்ளையாக மூண்டு, எதிரே நின்றவரின் முகத்தை மறைத்து, சன்னல் வழியாக வெளியேறி ஊருக்கு மேலே ஏறியது. பழைய மேகத்தைப்போல அது மூன்று மடங்கு இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று சிலர் சொன்னார்கள். குடத்தை வரிசைப்படி வைக்க வேண்டும் என்று எல்லோரும் ஓடினார்கள். யார் இடம் எது என்பதை மறக்க அந்த ஊரில் ஆளில்லை என்பதால், உச்சிப் பொழுதுக்குள் கற்கள்கூடக் கால்வாயிலிருந்து திரும்ப எடுத்து வைக்கப்பட்டன.

காலி மண்டபத்தில் கேசரிச் சட்டியோடு நின்ற ஆள், "சாப்பிடுதீகளாம்மா?" என்றான். குருவுத்தாய் சட்டியைத் தாண்டி வெளியே நடந்தாள். கண்மாய் போகவில்லை, வரவும் இல்லை. அவள் வாழ்நாளில் ஜெயித்த எல்லாமும் இதே அளவுதான் இருந்தன. ஒரு கமிட்டி, ஒரு ஒத்திவைப்பு, ஒரு குடம்.

சாயங்காலம் செண்பகம் வந்தாள். செம்புக் குடம் நிறையத் தண்ணீர். சண்டையின் சாயலே முகத்தில் இல்லை, குளித்துப் பூ வைத்திருந்தாள்.

"மதினி, எல்லாரும் ஒங்களத் திட்டுதாக, ஆனா ஒங்களாலதான் கூட்டம் நின்னுச்சுன்னும் சொல்லுதாக. ஒங்க குடத்த மட்டும் யாரும் திரும்ப வரிசையில வைக்கலல்லா. அதான் எங்க குடத்துல இருந்து ஒங்க பங்கு. குடிங்க, காலையில இருந்து பச்சத்தண்ணி குடிச்சிருக்க மாட்டீக."

உண்மைதான். குருவுத்தாயின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. கத்திக் கத்தித் தொண்டையில் ரத்த ருசி அடித்தது. அவள் குடத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். தண்ணீர் குளிர்ந்திருந்தது, செம்பின் வழியாகவே கைக்குத் தெரிந்தது. ஜெயிலில் போர்த்திக்கொண்ட அந்த ஒற்றைச் சேலையில் பெரிய பாதியை எப்போதும் தனக்கே விட்டுக்கொடுத்த இந்தப் பெண்ணின் முகத்தை அவள் நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

பிறகு குடத்தைச் சாய்த்தாள். ஆத்திரமாக வீசவில்லை, செடிக்கு ஊற்றுவதுபோல மெதுவாக, கடைசிச் சொட்டுவரை, செண்பகத்தின் காலடியில் மண்ணில் ஊற்றினாள். தண்ணீர் கரிசல் வெடிப்புக்குள் போய்விட்டது.

செண்பகம் மண்ணைப் பார்த்தாள். அவள் உதடு ஒரு முறை திறந்து மூடியது. விடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள முயன்றதும், அந்தச் சொல் வராமல் போனதும் குருவுத்தாய்க்குத் தெரிந்தது. செண்பகம் காலிக் குடத்தை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"நீங்க மனுஷிதானா? எம் மக குடிக்காமக் கொண்டாந்தது. இனிமே ஒங்க வாசப்படி மிதிச்சா என்னய ஏன்னு கேளுங்க."

தாடை கல்லாக இறுகியிருந்தது. அவள் திரும்பித் தெருவைக் கடந்து போகப் போக, அந்த மூன்று மடங்கு மேகத்தில், அவள் தலைக்கு நேர்மேலே, ஒரு கையளவுக்கு ஓட்டை விழுந்தது. அந்த ஓட்டை வழியாக வானம் நீலமாகத் தெரிந்தது. அவள் நடக்க நடக்க அதுவும் கூடவே நடந்தது. குருவுத்தாய்க்கு மேலே இருந்த ஓட்டை அதைப் பார்த்துக்கொண்டு இந்தப் பக்கம் நின்றது.

குருவுத்தாய் வறண்ட தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"நாளைக்கும் கொண்டா, செண்பகம்," என்றாள்.